தொண்ணூற்றாறுக்கும் தொண்ணூற்றேழுக்கும் நடுவே

“அத்தான், ஆகா ஓகோன்னு எழுதினீங்களே, அந்தக் கவிதைங்க எங்க? நான் வாங்கின நாவல்ல ஒண்ணையும் காணோமே!”

போனில் கேட்டது மனைவியின் தங்கை. விமர்சகர் சிரித்துக்கொண்டார்.

“சரியாப் பாரும்மா. தொண்ணூத்தாறாம் பக்கம் முடிஞ்சதும் வரும். பதினாறு பக்கம். பக்க நம்பர் இருக்காது.”

“தொண்ணூத்தாறுக்கு அப்புறம் தொண்ணூத்தேழுதான் வருது.”

“கவிதைன்னாலே நீ புரட்டிட்டுப் போற ஆளு.”

“இல்லாத பக்கத்தை எப்படி அத்தான் புரட்டறது?”

விமர்சகருக்குக் கேள்வி கேட்டுத்தான் பழக்கம். பத்தொன்பது வருஷமாக ஒரு வாரப் பத்திரிகையில் ‘சல்லடை’ என்ற பகுதியை எழுதி வருகிறார். புதிதாக எழுத வருகிறவர்களின் முதல் காதல் நாவல், முதல் கவிதைத் தொகுப்பு, இரண்டைத் தவிர வேறு எதையும் தொடமாட்டார். அலுவலகத்தில் முதுகுக்குப் பின்னால் அவருக்குச் ‘சல்லடையார்’ என்று பெயர். அது காதில் விழுந்தால் முறைப்பார். முறைத்துவிட்டு அறைக்குள் போய்த் தனியாகப் பூரித்துக்கொள்வார்.

பூரிப்புக்குக் காரணம் உண்டு. இந்தப் பத்தொன்பது வருஷத்தில் அவர் எழுத்துக்காகப் பத்திரிகையில் ஒருமுறைகூடத் ‘திருத்தம்’ வந்ததில்லை. ராசிபலன் எழுதுகிறவருக்கே நாலு தடவை வந்தாயிற்று.

ஒரே ஒரு முறை கண்டம் நெருங்கி வந்தது. இரண்டு கவிஞர்கள் தனித்தனித் தாளாக அனுப்பிய கவிதைகள் மின்விசிறிக் காற்றில் பறந்து கலந்துவிட்டன. அகப்பட்டபடி இரண்டு கட்டாக அடுக்கி, ஒருவர் கவிதையை மற்றவர் எழுதியதாக நினைத்து இருவரையும் பாராட்டிவிட்டார். நல்ல வேளை, இரண்டு கவிஞர்களுமே தாங்கள் இவ்வளவு நன்றாக எழுதியிருக்கிறோமா என்று வியந்து நன்றி சொல்லிவிட்டார்கள். அன்றே ஒரு துண்டுச் சீட்டை அச்சடித்துக் கொண்டார். ‘தனித்தாளில் வரும் கவிதைகளைப் படிப்பதில்லை. புத்தகமாகத் தைத்து வந்தால் மட்டுமே படிக்கப்படும்.’ கீழே கையெழுத்து. தனித்தாளில் யார் எதை அனுப்பினாலும், உறையைத் திறந்த கையோடு இந்தச் சீட்டைச் செருகித் திருப்பிவிடுவார். அப்படிப்பட்ட கட்டுப்பாடான மனுஷருக்குத்தான் இந்தச் சோதனை.

“பதினாறு பக்கம் உங்க புஸ்தகத்துல மட்டும் ஜாஸ்தி இருந்தா, தப்பு உங்க புஸ்தகத்துலதாங்க” என்றாள் மனைவி. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர்.

“என் புஸ்தகத்துல தப்பா? மத்த எல்லா புஸ்தகத்துலயும்தான் தப்பு!” என்று சீறிவிட்டுப் பதிப்பாளருக்குப் போன் போட்டார்.

நாவலின் பெயர் ‘தபால்தலை மேல் ஒரு முத்தம்’. தபால் அலுவலகத்தில் கடிதம் பிரிக்கும் ஒரு பெண்ணின் காதல் கதை. உண்மையைச் சொன்னால் முதல் தொண்ணூற்றாறு பக்கம் சுமார்தான். அதற்கப்புறம் வந்த அந்தப் பதினாறு பக்கக் கவிதைகள்தான் அவரைச் சாய்த்துவிட்டன. ஒன்றை அப்படியே விமர்சனத்தில் எடுத்துப் போட்டிருந்தார்.

பாதியில் மூடிவைத்துப் போகாதே.
எந்தப் பக்கம் என்று
எனக்கும் தெரியாமல் போய்விடும்.

இதை வீட்டில் வாய்விட்டுப் படித்தபோது, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மனைவி குழாயை மூடிவிட்டு, “இன்னொரு தடவ படிங்க” என்றாள். பத்தொன்பது வருஷத்தில் அவர் படித்த எதற்கும் அந்தக் குழாய் மூடப்பட்டதில்லை. ‘இது புதுக்குரல். இந்தக் குரலை முதலில் கேட்டவன் நான்’ என்று மார்தட்டி எழுதினார். பக்க எண் இல்லாததைக்கூட விடவில்லை. ‘எண்ணிக்கையைத் துறந்த காதல்’ என்றார்.

“கவிதையை வெட்டின கை யாரோட கை?” என்று போனில் கர்ஜித்தார்.

பதிப்பாளருக்கு ஒரு கொள்கை உண்டு. தான் வெளியிடும் நாவலில் அட்டையை மட்டும்தான் படிப்பார். எனவே எந்தக் கவிதை என்று அவருக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை.

“அது வந்து சார்… பேப்பர் தட்டுப்பாடு…”

“காதலுக்கு என்னய்யா பேப்பர் தட்டுப்பாடு?”

“கோவிச்சுக்காதீங்க சார். உங்க விமர்சனத்தால முதல் பதிப்பு தீர்ந்துபோச்சு. ரெண்டாம் பதிப்புல எல்லாத்தையும் சேர்த்துடறேன்.”

சேர்ப்பதற்கு முன்னால் விளம்பரம் வந்துவிட்டது. ‘விடுபட்ட கவிதைகளுடன் இரண்டாம் பதிப்பு!’ விமர்சகர் அதைக் கத்தரித்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தார். ஒரு நாவலையே காப்பாற்றிவிட்ட பெருமை அவர் நடையில் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை காலை அந்த நாவலாசிரியை நேரில் வந்து நின்றாள். கண் மருத்துவமனையில் பார்வை சோதிக்கிற வேலை. வந்தவள் உட்காரவில்லை.

“சார், நான் வாழ்க்கையில ஒரு கவிதை எழுதினதில்ல.”

“இவ்வளவு அடக்கம் வேண்டாம்மா.”

“அடக்கம் இல்ல சார், ஆத்திரம்! நேத்து ஒருத்தர் மெஷின்ல தாடையை வெச்சுக்கிட்டு, ‘நீங்க ஒரு கவிதை சொல்லுங்க, அப்பதான் கீழ் வரி படிப்பேன்’ங்கறார். என் வீட்டுக்காரர் மூணு நாளா பேசல. ‘யாரை நெனச்சு எழுதின?’ன்னு ஒரே கேள்வி.”

விமர்சகர் தம் பிரதியைப் பிரித்துக் காட்டினார். அவள் தன் பிரதியைப் பிரித்துக் காட்டினாள். தொண்ணூற்றாறாம் பக்கத்தின் கடைசி வரி: ‘அவன் மெல்லக் கையை நீட்டி,’. தொண்ணூற்றேழாம் பக்கத்தின் முதல் வரி: ‘“ஒரு ஸ்டாம்ப் குடுங்க” என்றான்.’

விமர்சகருக்கு வியர்த்தது. ‘நீட்டிய கைக்கும் கேட்ட ஸ்டாம்புக்கும் நடுவே பதினாறு பக்கம் இதயம் பேசுகிறது. இப்படி ஓர் உத்தி நம் மொழிக்குப் புதிது’ என்று அவர் எழுதியிருந்தார்.

“உத்தியெல்லாம் இல்ல சார். அவனுக்கு ஸ்டாம்ப் வேணும், கேட்டான்” என்றாள் அவள். “இன்னொருத்தர் எழுதினது என் பேர்ல வேண்டாம். நல்லாத்தான் இருக்கு. அதனாலதான் வேண்டாம்.”

அவள் ரோஷம் அவருக்குப் பிடித்திருந்தது. ஆனால் ரசிக்க நேரமில்லை, அறை வாசலில் பத்திரிகை ஆசிரியர் நின்றுகொண்டிருந்தார். முழுவதையும் கேட்டுவிட்ட முகம்.

“வெள்ளிக்கிழமை இதழ்ல திருத்தம் போட்டுடலாம்” என்றார் ஆசிரியர்.

“ஐயா, திருத்தம்னா நான் தப்பு பண்ணினேன்னு அர்த்தம். கவிதை நல்ல கவிதை. எழுதினவர் பேர்தான் மாறிப்போச்சு. அவரைக் கண்டுபிடிச்சுட்டா அது திருத்தம் இல்ல, கண்டுபிடிப்பு!”

“வியாழக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணி. பேர் வந்தா கண்டுபிடிப்பு. வரலைன்னா திருத்தம், உங்க போட்டோவோட.”

விமர்சகர் மறுபடி பதிப்பாளரைப் பிடித்தார். இந்த முறை கர்ஜனை இல்லை.

“பிரஸ்லதான் சார் கலந்திருக்கணும்” என்றார் பதிப்பாளர். “அந்த வாரம் அங்க ஒரு கவிதைப் புஸ்தகமும் அச்சாகிட்டிருந்தது. ஆனா ஒண்ணு, மத்ததெல்லாம் பசை போட்டு ஒட்டினது. உங்க ஒரு காப்பிய மட்டும் நூல் போட்டுத் தைச்சு பிரஸ்லேருந்தே நேரா அனுப்பினாங்க.”

“என் மரியாதை தெரிஞ்சவங்க” என்றார் விமர்சகர், அந்த நிலைமையிலும்.

கவிதைப் புஸ்தகத்துக்குச் சொந்தக்காரர் ஓர் இன்ஷூரன்ஸ் அதிகாரி. விமர்சகர் விஷயத்தைப் பாதி சொல்வதற்குள், “ஆமா, என்னுதுதான்!” என்றார் அவர்.

“இன்னும் நான் கவிதையையே சொல்லலையே சார்.”

“நல்ல கவிதைன்னு சொன்னீங்கல்ல? அப்ப என்னுதுதான்.”

விமர்சகர் லேசுப்பட்டவரா? விமர்சனத்தில் போடாத ஒரு கவிதையை மடியில் மறைத்து வைத்திருந்தார். அதன் முதல் இரண்டு அடியைச் சொல்லி, மிச்சத்தைக் கேட்டார்.

“‘ஆயிரம் பேர் காதலை அடுக்கி வைத்துவிட்டு…’ அப்புறம்?”

“‘…அம்புலியே, நீயும் நானும் அழுதுகொண்டிருக்கிறோம்!’” என்றார் அதிகாரி, கொஞ்சமும் கூசாமல்.

இது இல்லை என்று விமர்சகர் சொல்லிவிட்டார். அதோடு விட்டதா? அதிகாரி நண்பர்களிடம் முறையிட்டார். நண்பர்களிலும் கவிஞர்கள் இருந்தார்கள். புதன்கிழமை மதியத்துக்குள் அந்தப் பதினாறு பக்கத்துக்கு ஏழு தகப்பன்மார். ஏழு பேரும் பத்திரிகை ஆபீசுக்கே போன் செய்தார்கள். அதே இரண்டு அடிக்கு ஏழு பேரும் ஏழு முடிவு வைத்திருந்தார்கள், நாலில் நிலா, இரண்டில் மழை, ஒன்றில் தற்கொலை. ஆசிரியர் திருத்தத்துக்கு இடம் ஒதுக்கி, விமர்சகரின் போட்டோவை எடுத்து வைக்கச் சொன்னார்.

வியாழக்கிழமை மதியம் மூன்றரை மணிக்கு, புத்தகத்தை நெஞ்சோடு அணைத்தபடி அச்சகத்துக்குள் நுழைந்தார் விமர்சகர். மை வாசனையும் இயந்திர இரைச்சலுமாக நீண்ட கூடம். வாசலோரம் மேசை போட்டு அச்சகக்காரர். பின்கோடியில், மலைபோல் அடுக்கிய அச்சுத்தாள்களுக்கு நடுவே, கண்ணாடியை நூலில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்ட ஓர் அம்மாள் புத்தகம் தைத்துக்கொண்டிருந்தார்.

“பக்கம் மாறிப்போச்சா? என் பிரஸ்லயா?” அச்சகக்காரர் எழுந்தே விட்டார். “இருபத்தாறு வருஷம் சார்! ஒரு தாள் முன்னபின்ன போனதில்ல!”

“எனக்குப் பத்தொன்பது வருஷம்!”

“அப்ப நான் ஏழு வருஷம் பெரியவன்!”

இப்படியே நாலு மணி ஆகிவிட்டது. பிறகுதான் அச்சகக்காரர் புத்தகத்தை வாங்கி அந்தப் பக்கங்களைத் தடவிப் பார்த்தார். முகம் சுருங்கியது.

“தாள் நம்ம தாள்தான். ஆனா இது பெரிய மெஷின் இல்ல, நோட்டீஸ் அடிக்கற சின்ன மெஷின். யார் அடிச்சாங்க? அம்மா, கொஞ்சம் இங்க வாங்க!”

தையற்கார அம்மாள் வந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு புத்தகத்தின் முதுகைக் கட்டைவிரலால் ஒருமுறை நீவினார்.

“என் தையல்தான்” என்றார். குரலில் பயம் இல்லை, கொஞ்சம் பெருமைதான் இருந்தது. “ஒரு பக்கம்கூட உருவி வராது.”

“தையல் இருக்கட்டும்மா” என்றார் விமர்சகர், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே. “இந்தப் பதினாறு பக்கத்தை எழுதினவர் பேர் எனக்கு வேணும். அஞ்சு மணிக்குள்ள வேணும். ‘ஆயிரம் பேர் காதலை அடுக்கி வைத்துவிட்டு’ன்னு ஒண்ணு வரும். யாராவது சொல்லிக் கேட்ட ஞாபகம் இருக்கா?”

அம்மாள் பின்கோடியைத் திரும்பிப் பார்த்தார். அங்கே ‘தபால்தலை மேல் ஒரு முத்தம்’ இரண்டாம் பதிப்பு, ஆயிரம் பிரதி, கட்டுக்கட்டாக அடுக்கியிருந்தது. அதைப் பார்த்தபடியே, விலாசம் சொல்வதுபோலச் சொன்னார்.

“‘ஆயிரம் பேர் காதலை
அடுக்கி வைத்துவிட்டு
வீட்டுக்கு வருகிறேன்.
சாப்பிட்டாயா என்கிறாய்.
போதும்.’”

விமர்சகர் பக்கத்திலிருந்த தாள்கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கியது. கேட்டால் காகிதத் தூசு என்பார், விட்டுவிடுவோம். அந்த வரியில் அடுக்கப்பட்டது தபால் இல்லை, கடிதம் இல்லை, இந்தக் கூடத்துப் புத்தகங்கள்தான், அடுக்கியவை இந்தக் கைகள்தான். கவிதை உயர்ந்தது என்று சொன்னார், உயர்ந்ததுதான். புதுக்குரல் என்றார், புதுக்குரல்தான். முதலில் கேட்டவன் நான் என்றார், அதுவும் சரியாகிவிட்டது. நெஞ்சு விம்மிப் புடைத்தது. அங்கிருந்தே ஆசிரியருக்குப் போன் செய்து, “திருத்தத்தை எடுத்துடுங்க. அந்த இடம் முழுக்க எனக்கு வேணும்” என்றார்.

அம்மாளின் பெயரைக் கேட்டு, ஒரு தாளில் எழுதி, எழுத்துக் கூட்டிச் சரிபார்த்து, பையில் வைத்துக்கொண்டார். அதோடு கிளம்பியிருக்கலாம். ஆனால் குறை சொல்லாமல் ஒரு விமர்சனத்தை முடித்து அவருக்குப் பழக்கமில்லையே!

“எல்லாம் சரிம்மா, இவ்வளவு அருமையா எழுதறவங்க முறைப்படி எனக்கு அனுப்பியிருக்க வேண்டாமா? பாவம், அந்தப் பொண்ணோட நாவலுக்குள்ள, சின்ன மெஷின்ல நீங்களே அடிச்சு, இப்படித் திருட்டுத்தனமா நுழைக்கலாமா? இது என்ன நியாயம்?”

அம்மாள் போய், ஊசி வைக்கும் தகர டப்பாவை எடுத்து வந்தார். அதன் அடியிலிருந்து மூன்று துண்டுச் சீட்டுகளை எடுத்து, விமர்சகரின் கையெழுத்து மேலே தெரியும்படி அவர் உள்ளங்கையில் வைத்தார்.

“நீங்க சொன்ன நியாயம்தான் சார். ‘தைத்து வந்தால் மட்டுமே படிக்கப்படும்.’ தைச்சேன், படிச்சீங்க.”