டுசல்டோர்ஃபில் பெடியனை விசாரித்த கதை

எனக்குச் சந்தேகப் புத்தி. யாராவது காரணமில்லாமல் சிரித்தால் ஏன் என்று யோசிப்பேன். (காரணத்தோடு சிரித்தால் இன்னும் யோசிப்பேன்.)

என் தங்கை துளசி திரைப்படப் படிப்பின் கடைசி ஆண்டில் இருந்தாள். ஜப்பானியரும் ஜேர்மன்காரரும் கலியாணம் செய்து பெற்ற பிள்ளைகளைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்தாள். அது சரிவந்தால்தான் பட்டம். அதற்காகச் சனிக்கிழமைதோறும் ஜப்பானியர் நிறைய வாழும் டுசல்டோர்ஃப் நகருக்குப் போனாள். எப்போதும் ஒரே வீடு. அனுப்பிய போட்டோக்களிலெல்லாம் கென் என்ற ஒரே பெடியன்.

"படம் எடுக்கிறாளோ, பெடியன் எடுக்கிறாளோ?" என்று அம்மாவிடம் கேட்டேன்.

அம்மாவின் முகம் கறுத்தது. "ஒருக்காப் போய் விசாரிச்சுக்கொண்டு வா, ராசா."

விசாரிப்பதென்றால் எங்கள் தமிழ் ஆட்கள் வீட்டுக்காரரிடம் கேட்கமாட்டார்கள். அயலுக்குள்தான் கேட்பார்கள். ஆகவே கென்னின் வீட்டுக்குக் கீழே இருந்த பேக்கரிக்குள் நுழைந்தேன். கல்லாவில் ஒரு ஜேர்மன் அம்மா நின்றார். பாண் வாங்க வந்தவன்போல ஆரம்பித்தேன். (நடிப்பென்றால் அப்படியொரு நடிப்பு!)

"மேல்வீட்டுப் பெடியன் குடிப்பானா?"

"பியர் குடிப்பான்."

"தகப்பன் ஜப்பான்காரராமே. குடும்பத்தோடுதான் இருக்கிறாரா?"

"முப்பது வருடமாக."

"பெடியன் உண்மையில் எந்த நாடு?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இங்கே பிறந்தவன்."

"அது சரி. உண்மையில்?"

"ஐயோ, அண்ணா!"

திரும்பினேன். துளசி கமெராவோடு நின்றாள். கல்லாவில் நின்றவர் கென்னின் தாய். கடையும் அவருடையதுதான். அன்றைக்கு அவரைத்தான் படம்பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவருடைய சட்டையில் மைக்கும் குத்தியிருந்தது.

"கென்னுக்கு வாற மாசம் கலியாணம், அண்ணா! வேற பொம்பிளையோட! கென்னின்ர அம்மா இனிப் படத்தில வரேலாது எண்டு சொன்னா என்ர பட்டம் போச்சு!" என்று அழத் தொடங்கினாள்.

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம்போல இருந்தது. இதே ஜேர்மனியில், டோர்ட்மூண்ட் நகரில் பிறந்த என்னிடம் யாராவது அதே கேள்வியைக் கேட்டால் ஒரு கிழமை பொருமுகிறவன் நான்.

கென்னின் தாய் துளசியின் தோளைத் தட்டினார். "ஒன்றையும் வெட்டாதே. என் அப்பாவும் என் கணவரிடம் இதையேதான் கேட்டார்."

உள்ளேயிருந்து மாவுக் கையோடு கென்னின் தங்கை ஹனா வந்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னிடம் கேட்டாள்: "நீங்கள் உண்மையில் எந்த நாடு?"

"டோர்ட்மூண்ட்."

"அது சரி. உண்மையில்?"

துளசிக்குப் பட்டம் கிடைத்தது. எனக்கு ஹனா கிடைத்தாள். எங்கள் மகளுக்கு இப்போது ஆறு வயது. போன கோடையில் ஊன்ட்றொப் என்ற ஊரில் இருக்கும் எங்கள் தமிழ்க் கோயில் திருவிழாவில் ஒரு மாமி அவளுடைய முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "பிள்ளை, நீ உண்மையில எந்த நாடு?" என்று கேட்டார்.

"என்னட்டைக் கேக்கக் கூடாது, மாமி," என்றாள் மகள். "பேக்கரியில போய் விசாரியுங்கோ. அப்பா அப்பிடித்தான் செய்தவர்."