நாற்காலிக்கு எண் கிடைத்த வரலாறு

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது என்றெல்லாம் பெருமை பேசுகிறார்கள். அவையெல்லாம் சில்லறைச் சாதனைகள். மனிதன் உண்மையில் மனிதனானது, பொருள்களுக்கு எண் போடக் கற்றுக்கொண்ட நாளில்தான். கல்கத்தாவில் 'அருங்காட்சியகவியல்: ஓர் அறிமுகம்' என்ற முதலாண்டுத் தாளில் முதல் வகுப்பில் தேறியவன் என்ற தகுதியில் இதை நான் அடித்துச் சொல்வேன்.

எங்கள் பேராசிரியர் நிருபம் லாகிரி அந்தத் தாள் முழுவதையும் முதல் நாளே நடத்தி முடித்துவிட்டார்.

"எண் இல்லாதது சாமான். எண் இருந்தா அரும்பொருள். சாமானைத் தொடலாம், அரும்பொருளைத் தொடக் கூடாது. அவ்வளவுதான் பாடம். இதைப் புரிஞ்சுக்க உங்களுக்கு ஒரு வருஷம் கொடுத்திருக்காங்க."

டிசம்பரில் செய்முறை வகுப்பு வந்தது. ஆளுக்கு ஒரு பொருளை எடுத்து, மெல்லிய தூரிகையால் எண் எழுதி, பதிவேட்டில் ஏற்ற வேண்டும். நாங்கள் பத்துப் பேர். பொருள்கள் ஒன்பது. பத்தாவது பொருள் இருந்த அலமாரியின் சாவியோடு அக்டோபரில் பூஜை விடுமுறைக்குப் போன ஊழியர் இன்னும் திரும்பவில்லை. பத்தாவது மாணவன் நான்.

பல்கலைக்கழக அருங்காட்சியகத்தின் சிற்பக் கூடத்து வாசலில் ஒரு பிரம்பு நாற்காலி கிடந்தது. அது காவலர் ஹாபுல்தாவுடையது. 'தா' என்றால் இங்கே அண்ணன். வீட்டில் தமிழ் பேசும் எனக்கு அது 'கொடு' என்று கேட்கும். ஆனால் அந்த மனிதர் இருபத்தாறு வருட வேலையில் யாரிடமும் எதையும் கேட்டவரல்ல. அப்போது அவர் டீ குடிக்கப் போயிருந்தார். நான் நாற்காலியின் பின்னங்காலில் அழகாக எண் எழுதினேன். பேராசிரியர் குனிந்து எண்ணை மட்டும் பார்த்தார். எழுத்து பிரமாதம் என்றார். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார். பிறகுதான் நிமிர்ந்து பார்த்தார்.

"இது ஹாபுலோட நாற்காலி இல்ல?"

"ஆமா சார்."

"'ஆமா' இல்லப்பா. 'அவரோடதா இருந்தது'ன்னு சொல்லு."

ஹாபுல்தா மண் குவளையில் பாதி டீயோடு திரும்பி வந்தபோது நாற்காலியைச் சுற்றிச் சிவப்புக் கயிறு கட்டியாகிவிட்டது. அவருக்கு இரண்டு முழங்காலிலும் வலி. பணி ஓய்வுக்கு இன்னும் பதினொரு மாதம் இருந்தது.

"தம்பி, கயித்த கொஞ்சம் தூக்கு. உக்காரணும்."

"உட்காரக் கூடாது ஹாபுல்தா. அது அரும்பொருள்."

"காலையில உக்காந்தேனேப்பா!"

"காலையில அது சாமான்."

அவர் பேராசிரியரிடம் போனார். பேராசிரியர் மனிதாபிமானி, எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினார். ஒரு பொருளை உள்ளே சேர்க்க ஒரு கையெழுத்து போதும். நீக்க வேண்டுமானால் நீக்கல் குழு கூட வேண்டும். அந்தக் குழு இதுவரை ஒரே ஒரு முறை கூடியது. 'குழு' என்பதற்கு என்ன வரையறை என்பதில் கருத்து வேறுபாடு வந்து கலைந்தது. "அதுவரைக்கும் நீங்கதான் அந்த நாற்காலிக்குப் பொறுப்பு ஹாபுல். யாரும் உக்காராமப் பாத்துக்கோங்க" என்று முடித்தார்.

வேறு நாற்காலி கேட்டு ஹாபுல்தா பண்டகசாலைக்குப் போனபோது நானும் துணைக்குப் போனேன். குற்ற உணர்ச்சி என்று நினைக்காதீர்கள், கள ஆய்வு.

"காவலருக்கு ஒரு நாற்காலிதான். பழசை உடைஞ்ச நிலையில கொண்டாந்து ஒப்படைச்சா புதுசு தருவோம்" என்றார் பண்டக எழுத்தர்.

"அது உடையல பாபு. உசந்துபோச்சு."

"உசந்துபோனதுக்கு எங்ககிட்ட படிவம் இல்லியே!"

இந்த நேரத்தில்தான் உலகெங்கும் 'பங்கேற்பு அருங்காட்சியகம்' என்ற புரட்சி வெடித்திருப்பதை என் வகுப்புத்தோழி ஈஷிதா கண்டுபிடித்து வந்தாள். பார்வையாளர் வெறுமனே பார்க்கக் கூடாதாம், 'அனுபவிக்க' வேண்டுமாம். உடனே அவசரக் கூட்டம். சனிக்கிழமைதோறும் மூன்று முதல் நான்கு மணிவரை பார்வையாளர்கள் அந்த நாற்காலியில் ஆளுக்கு இரண்டு நிமிடம் அமர்ந்து 'காவலரின் களைப்பு' என்ற அனுபவத்தைப் பெறலாம் என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. பேராசிரியருக்குக் கண் கலங்கிவிட்டது.

"அப்ப நானும் வரிசையில நிக்கலாமா சார்?" ஹாபுல்தா கதவோரத்திலிருந்து கேட்டார்.

"நீங்க ஊழியர். இது பார்வையாளருக்கு. வரிசையை ஒழுங்கா நிக்க வைக்க ஆள் வேணும்ல?"

சனிக்கிழமைகளில் கல்லூரிப் பெண்களும் குடும்பத்தினரும் அமர்ந்து, களைப்பை அனுபவித்து, கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். ஹாபுல்தா ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்று வரிசையைச் சீர்செய்தார். பார்வையாளர் குறிப்பேட்டில் ஒருவர், 'அருமை. ஆனால் களைப்பு போதாது' என்று எழுதியிருந்தார்.

ஆண்டுத் தேர்வுக்கு அவரவர் பொருளுக்கு விளக்க அட்டை எழுத வேண்டும். இருபது சொல்லுக்கு மேல் போகக் கூடாது. பயன்படுத்தியவர் பெயர் கட்டாயம். இங்கே ஆளுக்கு இரண்டு பெயர்; வீட்டில் கூப்பிடும் பெயர் செல்லாது, சான்றிதழில் இருக்கும் 'நல்ல பெயர்' வேண்டும். ஹாபுல்தாவின் நல்ல பெயர் எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

"இங்கதானே சார் நிக்கிறார். கேட்டுடட்டுமா?"

"வாய்மொழித் தகவலப்பா அது. ரெண்டாவது சான்று இல்லாம ஏத்துக்க முடியாது."

ஆகவே எழுதினேன்: 'காவலர் நாற்காலி. மரம், பிரம்பு. இருபதாம் நூற்றாண்டு. பயன்படுத்தியவர் பெயர் தெரியவில்லை.'

வெளித்தேர்வாளர் அட்டையின் முன் மெய்மறந்து நின்றார். "'பெயர் தெரியவில்லை'! ஆகா, எவ்வளவு ஏக்கம் இந்த ரெண்டு வார்த்தையில!" என்றவரின் கண்ணாடி கீழே விழுந்தது. ஹாபுல்தா முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து எடுத்துக் கொடுத்தார். எனக்கு முதல் வகுப்பு கிடைத்தது. கூடவே, சனிக்கிழமைகளில் கயிற்றுக்குப் பொறுப்பாளர் என்ற பதவியும்.

நவம்பர் கடைசி நாள் சனிக்கிழமையாக வாய்த்தது. சிற்பக் கூடத்து வாசலிலேயே பிரிவுபசார விழா; நான் கயிற்றருகில் நின்றபடியே கலந்துகொண்டேன். ஆளுக்கு இரண்டு ரசகுல்லா. 'ஸ்ரீ பிஸ்வம்பர் சாமந்தா அவர்களுக்கு' என்று பொறித்த பாராட்டுப் பத்திரத்தைப் பேராசிரியர் வாசித்ததும், யார் அது என்று எல்லோரும் திரும்பித் திரும்பிப் பார்த்தோம். ஹாபுல்தா முன்னால் வந்து வாங்கிக்கொண்டார். பிஸ்வம்பர் என்றால் உலகையே தாங்குபவன் என்று பொருளாம்.

விழா முடிந்து அவர் நேராக என்னிடம் வந்தார். மணி மூன்று ஐம்பத்தைந்து.

"இனிமே நான் ஊழியர் இல்லப்பா. ரெண்டே நிமிஷம்."

"ஓய்வு அஞ்சு மணிக்குத்தான் ஹாபுல்தா. நாற்காலி நாலு மணிவரைக்கும்தான்."

அவர் கோபப்படவில்லை. பத்திரத்தை நீட்டினார். "சரி, அந்த அட்டையிலயாவது என் பேரைப் போட்டுடு. இதோ, எழுத்துலயே இருக்கு பாரு."

நான் பயிற்சி பெற்ற கண்ணோடு ஆராய்ந்தேன். "இதுல பிஸ்வம்பர்னு இருக்கு. நாற்காலியில உக்காந்தது ஹாபுல். ரெண்டு பேரும் ஒரே ஆள்தான்னு எதுல இருக்கு?"

அவர் பத்திரத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "நாசமாப் போங்கடா" என்றார். பத்திரத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி படியிறங்கிப் போனார்.

மாலை ஐந்து மணிக்குக் கூடம் காலியானது. நான் கயிற்றைச் சரிசெய்தேன், அட்டையைத் துடைத்தேன். விதி மூன்று, உட்பிரிவு ஆ: ஆய்வு நோக்கத்துக்காக மாணவர்கள் அரும்பொருளைத் தொடலாம். நான் மூன்று மணியிலிருந்து நின்றுகொண்டிருந்தேன், கால் வலித்தது. கயிற்றைத் தூக்கிவிட்டு உள்ளே போய், ஆய்வு நோக்கத்துக்காக உட்கார்ந்தேன்.