கோது ஐயாவின் ஞாயிற்றுக்கிழமைகள்

கையில் இல்லாத துவக்குக்கு இத்தனை வருடம் பணிவிடை செய்த மனிதர் ஊவா மாகாணத்திலேயே ஒருவர்தான் இருந்திருப்பார். ஹாலிஎலவுக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அவர் பெரிய கிளாக்கர், நான் சின்னக் கிளாக்கர். தோட்டத்தை நடத்திய துரையிலிருந்து லயத்துப் பிள்ளைகள் வரை எல்லாருக்கும் அவர் கோது ஐயா.

யாழ்ப்பாணத்துக்காரர். இளமையில் குறிபார்த்துச் சுடும் போட்டிகளுக்குப் போனவர். ஒரு போட்டியில் எல்லாக் குண்டும் ஒரே துளைக்குள் போக, கடைசிக் குண்டு மட்டும் விரற்கடை தள்ளிப் போய்விட்டதாம். காற்றையோ தன் கையையோ அவர் குறை சொல்லவில்லை. அந்தத் தோட்டாவின் பித்தளைக் கோதுக்குக் கழுத்து கொஞ்சம் நீளம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். சுட்ட கோதுகளைச் சேர்த்து, மறுபடி வெடிமருந்து நிரப்பும்படி கழுவி அளந்து தரம் பிரிப்பது அன்று பிடித்த பைத்தியம். அந்தக் கடைசிக் குண்டை இன்னொரு தரம் சுட வேண்டும், அவ்வளவுதான் அவருடைய ஆசை.

தொண்ணூறுகளில் சண்டை காரணமாகத் துவக்குகளை ஒப்படைக்கச் சொன்னார்கள். ஐயா தன்னுடையதற்கு எண்ணெய் பூசி, துணியில் சுற்றி, பதுளைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். வெறும் கோதுகளை மட்டும் வைத்துக்கொள்ள துரை பேசி அனுமதி வாங்கிக் கொடுத்தார். ஒரு பிஸ்கட் தகரம் நிறைய இருந்தன.

ஞாயிறு காலையில் வராந்தாவில் பாய் விரிப்பார். கோதுகளைப் புளிக்கரைசலில் ஊறவைத்து மினுக்குவார். அம்மா, அதாவது அவர் மனைவி, புளியில்லாத ரசத்தை வைத்து எனக்கும் ஊற்றிவிட்டு ஊர் முழுக்கக் கேட்கும்படி அவரைத் திட்டுவார். பிறகு தொழிற்சாலையில் தேயிலைச் சாம்பிள் நிறுக்கும் சின்னத் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்து, கழுத்தை அளந்து, தேயிலையைப் போலவே தரம் பிரிப்பார். முதல் தரம் பிஓபி, அடுத்தது பெக்கோ, கழித்துக்கட்டியது டஸ்ட்.

இதில் வேடிக்கை, வாராவாரம் அதே கோதுகள்தான். சுட்டால்தானே மாறுவதற்கு? ஆனாலும் போன வாரத்து பிஓபி ஒன்று இந்த வாரம் டஸ்டுக்கு இறங்கிவிடும். கடைக்குப் போகிற சனம் வேலியோரம் நின்று, "ஐயா, இந்த வாரம் யாரு எறங்குனது?" என்று கேட்டுவிட்டுத்தான் நகரும். ஐயாவும் பொறுமையாகக் காரணம் சொல்வார்.

ஒருநாள் சோதனைக்கு வந்த ராணுவத்தார் தகரத்தைத் திறந்ததும் நான் துரைக்கு ஆள் அனுப்பினேன். ஐயாவோ தனக்குத் தெரிந்த சிங்களத்தில் கழுத்து நீளத்தைப் பற்றி விளக்க ஆரம்பித்துவிட்டார். தகவல் கேட்டு துரை ஜீப்பில் பறந்து வந்தார். அப்போது சார்ஜன்ட் பாயில் உட்கார்ந்து, ஒரு கோதைத் தூக்கிப் பிடித்து, இது டஸ்ட்தானே என்று கேட்டுக்கொண்டிருந்தார். இல்லை, பெக்கோ என்று ஐயா திருத்தினார்.

சண்டை ஓய்ந்த வருடங்களில் ஒப்படைத்தவர்களைத் துவக்குகளைத் திரும்ப வாங்கிக்கொள்ளும்படி கூப்பிட்டார்கள். ஐயா கோட்டுப் போட்டுக்கொண்டு, பையில் நாலைந்து பிஓபியோடு புறப்பட்டார். நானும் கூடப் போனேன். அங்கே அவருடைய துவக்கு இல்லை. எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. அதே கம்பனி, அதே அளவு, இன்னும் புதிதாக ஒன்றை நீட்டினார்கள். ஐயா ஒரு கோதை எடுத்து அதற்குள் போட்டுப் பார்த்தார். கடைசியில் கொஞ்சம் இறுகியது.

வாங்கிக்கொள்ளுங்கள் ஐயா, நல்ல சாமான் என்று நான் கெஞ்சினேன். அவர் தலையை ஆட்டினார்.

"சுட்ட கோது சுட்ட துவக்கின்ர அளவுக்கு விரிஞ்சிடும் தம்பி. இவ்வளவு காலமும் நான் உடுப்புத் தைச்சது வேற ஆளுக்கு."

எந்தப் பைத்தியக்காரனும் அதை வேண்டாம் என்று சொல்லியிருக்க மாட்டான். கோது ஐயா வேண்டாம் என்றுவிட்டார். பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு அவர் மேல் கோபம் கோபமாக வந்தது, அழுகையும் வந்தது.

அடுத்த ஞாயிறு பாய் விரிந்தது. ஐயா தகரத்தைக் கவிழ்த்தார். பிஓபி, பெக்கோ, டஸ்ட் எல்லாம் ஒரே குவியலாகக் கிடக்க, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேலியோரம் நின்ற சனம் ஒன்றும் கேட்காமல் போய்விட்டது.

உள்ளேயிருந்து அம்மா வந்தார். அத்தனை வருடமும் திட்டித் தீர்த்தவர் பாயின் மறுகோடியில் உட்கார்ந்து, தராசைத் தொடாமலே கோதுகளை மூன்றாகப் பிரித்து வைக்கத் தொடங்கினார். ஒன்றைக் கையில் எடுத்து மட்டும் தயங்கினார்.

"இது போன கிழமை இறங்கினதெல்லே?"

ஐயா கையை நீட்டித் தராசைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அந்தக் கடைசிக் குண்டை அவர் சுடவே இல்லை. இருவரும் போய்ச் சேர்ந்து வருடங்கள் ஆகின்றன. இப்போதும் ஞாயிறு காலையில் புளியில்லாத ரசம் ஒரு வாய் கிடைக்காதா என்று இருக்கிறது எனக்கு.