இளைப்பை விழுங்கும் மீன்

மூடிக்கிடந்த டயர் கடைக்குள் கடவுள் குடியேறிவிட்டார். கண்ணாடித் தொட்டியில் ஆள் நீளத்துக்குக் கிடந்தார். முதலை வாய். உடம்பெங்கும் எலும்பாய்த் தடித்த செதில்கள், வார்னிஷ் அடித்த பளபளப்பு. டைனோசர் காலத்து மீன் குலம். அத்தனை கோடி வருடம் தப்பிப் பிழைத்துவிட்டு, கடைசியில் செதில் சாமி என்ற சாமியாரிடம் மாட்டிக்கொண்டது.

ஆஸ்துமாக்காரர்கள் தெருமுனை வரை நின்றார்கள். தொட்டிமேல் குனிந்து ஊத வேண்டும். சாமி மந்திரம் சொல்வார். மீன் மேலே வந்து ‘களக்’கென்று இளைப்பை விழுங்கிவிடும். பிறகு கழுத்தில் ஒரு செதிலைக் கட்டுவார். கத்தியே இறங்காத செதிலில் நோய் எப்படி இறங்கும் என்று கேட்டார் சாமி. கூட்டம் சிலிர்த்தது. ஒரே நிபந்தனை: இன்ஹேலரை வாசலில் வைத்த டப்பாவில் போட்டுவிட வேண்டும். மருந்து மீனுக்கு ஆகாதாம்.

வரிசையில் நின்ற ஒரு தையல்காரியின் இன்ஹேலரைக் கணவனே பிடுங்கிப் போட்டான். வரிசை நகர நகர அவள் நெஞ்சு விசிலடித்தது.

“ஏங்க, அதை எடுத்துக் குடுங்க. முடியல.”

“கொஞ்சம் பொறுத்துக்கோ. முன்னாடி நாலு பேருதான்.”

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு மீனையே பார்த்தாள். சாமியின் மந்திரத்துக்கு அளவே இல்லை. ஒருவருக்கு ஒரு வரி, அடுத்தவருக்கு ஒரு யுகம். மீன் மேலே வந்ததும் மந்திரம் முடிந்துவிடும்.

அவள் முறை வந்தது.

“ஊதும்மா.”

“மாட்டேன். யாரும் ஊதாதீங்க... தள்ளி நில்லுங்க. சாமி, நீங்களும் வாயை மூடுங்க.”

“திமிரைப் பாரு!” என்றது வரிசை. ஆனாலும் வேடிக்கை என்றால் நம் ஆட்கள் மூச்சைக்கூட அடக்குவார்கள். அடக்கினார்கள்.

சாமிக்கு வியர்த்தது. மீன் நிதானமாக மேலே வந்தது. ‘களக்’. இறங்கியது.

“இப்ப யாரோட இளைப்பை முழுங்குச்சு?” என்றாள்.

“அது... தூரத்துல இருக்கிற பக்தரோடது!”

“தூரத்துல இருந்தே ஆகும்னா... நாங்க எதுக்கு இங்க வந்து நிக்கணும்?”

“அதானே!” என்றது ஒரு குரல். அவ்வளவுதான்.

தண்ணீர் கெட்டால் அந்த மீன் மேலே வந்து காற்றைக் குடிக்கும். தண்ணீரை மாற்றாமல் இருந்ததுதான் சாமி செய்த ஒரே தவம்.

கூட்டம் டப்பாமேல் பாய்ந்தது. சாமி கல்லாப்பெட்டியோடு பின்வாசலில் மறைந்தார். கடவுளை விட்டுவிட்டுப் போனார். கணவன் தரையில் தவழ்ந்தான்.

“எதுடி உன்னுது?”

“நீல மூடி... சீக்கிரம்!”

இரண்டு முறை இழுத்தாள். விசில் மெல்ல அடங்கியது.

மூச்சு முட்டினால் தலையைத் தூக்க வேண்டும் என்று மீனுக்கே தெரிகிறது. உங்கள் தலை எதற்கு? செதில் கட்டிய கயிறு கழுத்திலிருந்து நழுவாமல் இருக்கவா?