எறும்பு கொடுத்த சான்றிதழ்

எறும்பு பொய் சொல்லாதாம்! அதனால்தான் சர்க்கரை நோயை மந்திரத் தண்ணீரால் தீர்ப்பதாகச் சொல்லும் எறும்புச்சாமி வீட்டு வாசலில் தெருமுனை வரைக்கும் கூட்டம். கையில் ஆளுக்கொரு சிறுநீர்ப் புட்டி. பக்தி முற்றிவிட்டால் வெட்கம் ஏது?

எதிர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். மாத்திரைக்கும் ஊசிக்கும் அடங்காத சர்க்கரைக்கு ஒரு புது மருந்து ஆராய்ச்சி. அதற்கு ஆள் சேர்ப்பது அவள் வேலை. அவளோ உள்ளதை உள்ளபடி சொல்லித் தொலைத்தாள்.

"பழைய மருந்தை நிறுத்த மாட்டோம். கூடவே புது மருந்தும் கிடைக்கலாம், மருந்தே இல்லாத வெறும் மாத்திரையும் கிடைக்கலாம். பலன் உண்டான்னு இனிமேதான் தெரியும்."

"எங்களைச் சோதனை எலின்னு நினைச்சியா?" என்று எகிறியவர்கள் நேரே எறும்பிடம் போய் நின்றார்கள். எலியானால் கேவலம், எறும்பிடம் கைகட்டி நின்றால் கௌரவம்!

அந்த வரிசையில் அவள் அண்ணனும் நின்றதுதான் வயிற்றெரிச்சல். கால் கட்டைவிரலில் ஆறாத புண். சாமி சொன்னாரென்று இன்சுலினை வேறு நிறுத்தியிருந்தான். அவள் ஓடினாள்.

"அண்ணே, என் ஆராய்ச்சியில நீ சேரவே வேணாம். போட்டுக்கிட்டிருந்த ஊசியையாவது போடு. காலை எடுத்துடுவாங்கண்ணே!"

"சும்மா இரும்மா. எறும்பு சொல்லட்டும்."

சாமி கச்சேரியை ஆரம்பித்தார். இடது தட்டில் அண்ணனின் புட்டியிலிருந்து ஒரு சொட்டு. எறும்புகள் மொய்த்தன. பிறகு அண்ணன் வாயில் ஒரு மிடறு மந்திரத் தண்ணீர். அதே புட்டியிலிருந்து வலது தட்டில் இன்னொரு சொட்டு. ஒரு எறும்பும் அண்டவில்லை. ஆகா, கைதட்டல்! தண்ணீர் குடித்தது அண்ணன், குணமானது புட்டி. யாராவது கேட்டார்களா?

நர்ஸ் பக்கத்துக் கடையில் ஒரு கை சீனி வாங்கிவந்து வலது தட்டில் கொட்டினாள்.

"இப்போ வரச் சொல்லுங்க உங்க எறும்பை."

எறும்புகள் விளிம்பு வரை வந்தன, திரும்பி ஓடின. சாமிக்கு ஒரு நொடி முகம் செத்தது. மறுநொடியே கையை உயர்த்தினார்.

"பாத்தீங்களா மகிமையை! சீனிக்கே சர்க்கரை இறங்கிடுச்சு!"

பாதிக் கூட்டம் அதற்கும் கைதட்டியது, சத்தியமாக!

அண்ணன் மட்டும் தட்டைத் தூக்கி மூக்கருகே கொண்டுபோனான். ஊதுபத்திப் புகையில் அமுங்கிக் கிடந்த நாற்றம் குப்பென்று ஏறியது.

"அடப்பாவி! மண்ணெண்ணெய் தடவி வச்சிருக்கான்!"

சாமி கொல்லைப்புறமாகக் கம்பி நீட்டினார். அண்ணன் தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டினான். "ஊசியைப் போடும்மா முதல்ல," என்றான். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"சாமி மறுபடி எப்போ வருவாரு?" என்று பின்னாலிருந்து ஒருவர் புட்டியோடு கேட்டார்.

அவள் திரும்பினாள். "ஐயா, எறும்புகூட வாய் வைக்கிறதுக்கு முன்னாடி மோந்து பாக்குது. நீங்க?"