ஒயரைப் பிடுங்கிய அடக்கி

தாளாளர் ஐயா, எங்கள் அடக்கியை வேலையை விட்டுத் துரத்தியது நீங்கள்தான். கல்லூரி முதல்வர் மேல் பழி போடாதீர்கள். தன் கார் டிரைவரைத் துரத்தக்கூட அவருக்குத் தைரியம் கிடையாது.

பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்திலும் சேர்த்து, மேலிடத்து உத்தரவைத் தின்று செரித்தே ஒரு துறையைக் காப்பாற்றிய ஆள் அடக்கி ஒருவர்தான். பெரம்பலூருக்கு வெளியே இருக்கும் உங்கள் தனியார் கல்லூரியில் நுண்ணுயிரியல் துறைத் தலைவர். நான் அவருக்குக் கீழே பாடம் நடத்தினேன். மனிதர் மேல் எப்போதும் புளித்த மாவு வாசனை. காரணம், அவர் வளர்த்த ஈஸ்ட். ஆய்வகத்தில் சாராயம் காய்ச்சுகிறார் என்று விடுதி வார்டன் ஆள் கூட்டி வந்தார். வந்தவர்களை உட்காரவைத்து அடக்கி ஈஸ்ட் பாடம் எடுத்தார். இதற்குச் சாராயமே தேவலை என்று எழுந்து போய்விட்டார்கள்.

பெயர் வந்த கதை இது. கல்லூரிக் கண்காட்சியில் 'சப்ரசர் ஜீன்' என்பதை 'அடக்கி மரபணு' என்று தமிழில் எழுதி மாட்டினார். மகளைச் சேர்க்கக் கல்லங்குறிச்சியிலிருந்து வந்த ஒரு அம்மா அதைப் படித்தார்.

"ஏன் சார், இதை எங்க வூட்டுக்காரருக்குக் குடுத்தா அடங்குவாரா?"

"இது ஆளை அடக்காதும்மா. கோளாறைத்தான் அடக்கும்."

"அவரே கோளாறுதான் சார். ஒரு பொட்டலம் குடுங்க."

அன்றிலிருந்து அவர் அடக்கி.

அடக்கி மரபணுவைப் பற்றி நான் புத்தகத்தில் படித்திருந்தேன். புரிந்தது அவரோடு போன அரியலூர் பஸ்ஸில்தான். அன்று ஹார்ன் பட்டன் மாட்டிக்கொண்டு ஓயாமல் அலறியது.

"யோவ், நிறுத்துய்யா!" என்று பின்சீட்டிலிருந்து யாரோ கத்தினார்.

"நிக்க மாட்டேங்குதுங்க!" டிரைவர் அழாத குறை.

அடக்கி முன்னால் போய்க் குனிந்தார். ஒரு ஒயரைப் பிடுங்கினார். சத்தம் நின்றது. திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மேடம், ஈஸ்ட் செல்லுக்கு வெளிய உப்பு ஏறுனா மேல்தோல்ல இருக்கிற புரதம் உள்ள சேதி அனுப்ப வைக்கும். ஒருத்தன் அடுத்தவன்கிட்ட சொல்வான், அவன் அடுத்தவன்கிட்ட. அந்த மேல்தோல் ஜீன் கெட்டுட்டா உப்பே இல்லாம சேதி ஓயாம போவும். செல்லு செத்துடும். ஆனா நடுவுல சேதி கடத்துற ஜீனும் கெட்டுச்சுன்னா?"

"பொழைச்சுக்குமா?"

"பொழைச்சுக்கும். பட்டனும் ரிப்பேர், ஒயரும் ரிப்பேர், பஸ் நிம்மதியா போவுது பாருங்க. அந்த ரெண்டாவது ரிப்பேர்தான் அடக்கி."

நிம்மதியா? சிமெண்ட் லாரிகளுக்கு நடுவே கண்டக்டர் தலையை நீட்டி "ஓரம் போங்கய்யா!" என்று கத்திக் கத்தி, அரியலூரில் இறங்கும்போது தொண்டை போய்விட்டது. உப்பு நிஜமாகவே ஏறினால், சேதி போகாமல் அந்தச் செல்லுக்கும் இதே கதிதான் என்று அடக்கி அப்புறம் ஒத்துக்கொண்டார்.

இப்போது உங்கள் கதைக்கு வருகிறேன், ஐயா. துறைத் தலைவர்களுக்கு வாட்ஸப்பில் ஓயாமல் வாய்ஸ் மெசேஜ் போடுவீர்கள். சிறுவாச்சூர் கோயில் கூட்டத்தில் நின்று கல்லூரிச் சேர்க்கை நோட்டீஸ் கொடு. கங்கைகொண்ட சோழபுரம் வரை வீடு வீடாகப் போய்ப் பிள்ளை பிடி. தலைவர்கள் அதைக் கீழே தள்ளுவார்கள். வேதியியல் துறையில் ஒருவர் போன் முனகினாலே மேஜைக்கடியில் போனார். நாங்கள் மட்டும் பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். தாளாளர் ரொம்பச் சாது என்று வேறு நம்பினோம்.

ஆசிரியர் கூட்டத்தில் கேட்டீர்கள்: "நான் அனுப்புன வாய்ஸை எல்லாரும் கேட்டீங்களா?"

எங்கள் துறைக்குப் புதிதாக வந்த பெண் வெள்ளந்தியாகக் கேட்டாள்: "எந்த வாய்ஸ் சார்?"

அடக்கி எழுந்தார். "அந்தப் பொண்ணை விடுங்க சார். எல்லாம் எங்கிட்டயே நின்னுடுச்சு."

"ஏன்யா?"

"ஒயரைப் புடுங்கிட்டேன் சார்."

அன்று சாயங்காலமே வெளியே அனுப்பினீர்கள். ஈஸ்ட் தட்டுகளைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு திருச்சி பஸ் ஏறினார். ஜன்னலோரம் உட்காரவில்லை. அதுகளுக்கு வெயில் ஆகாதாம்.

அதன் பிறகு உங்கள் குரல் நேராக எங்கள் போனுக்கே வந்தது. புதிதாக வந்த பெண் போய்விட்டாள். நானும் வேலையை விட்டுவிட்டேன். அதனால்தான் பயப்படாமல் எழுதுகிறேன்.

அவரை எதற்குத் துரத்தினீர்கள்? பாடம் நடத்தாமல் இருந்தாரா? பதிலை வாய்ஸ் மெசேஜில் போடாதீர்கள். வரும் ஆண்டு விழா மேடையில் மைக்கைப் பிடித்து, எல்லார் முன்னாலும் சொல்லுங்கள். அதற்கு முன்னால் முதல் வரிசையில், வெயில் படாத இடத்தில், அவருக்கு ஒரு நாற்காலி போடுங்கள். மடியில் தட்டு வைத்திருப்பார். யாரும் இடிக்காமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.