இரண்டாவது கோழி

“இறாலும் ஏலாதப்பா,” என்றாள் ஜெசிக்கா.

“நண்டு?”

“அதுவும் ஏலாது. செதிளும் செட்டையும் உள்ள மீன்தான் அவ சாப்பிடுவா.”

ஜேசுரட்ணம் பெருமூச்சு விட்டார். பல்வைத்தியர் றோசன்பெர்க் அம்மையார் புதன்கிழமை மதியம் அவர்கள் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார். யூதர்; கோஷர் என்னும் யூத உணவு முறையை விடாதவர். ஜெசிக்காவுக்கு அவரிடம் தொழிற்பயிற்சிக்கு இடம் கிடைக்குமா என்பது இன்னும் தொங்கலில் இருந்தது. சமைக்க மனைவி மரியமலரும் இல்லை. தங்கையின் பிள்ளைப்பேற்றுக்கு லண்டன் போயிருந்தாள்.

கொலோன் நகரில் இருந்த தம்பி கிறிஸ்தோப்பர் கோஷர் கோழி ஒன்றுக்குச் சொல்லிவைத்தான். அதை எடுக்க ஜேசுரட்ணம் ஞாயிறு பூசையையும் விட்டுவிட்டு ரயிலேறினார்.

“எங்கட சட்டியிலயோ காய்ச்சப்போறியள்? அதில பண்டியிறைச்சி எல்லோ காய்ச்சினது!” என்று மறித்தாள் ஜெசிக்கா.

புதுச் சட்டி வந்தது. புது அகப்பை, புதுக் கத்தி வந்தன. செவ்வாய்க்கிழமை காலை கோழியை வெட்டி, மஞ்சள், மிளகாய்த்தூள் போட்டுப் பிசைந்து மூடிவைத்தார்.

ஜெசிக்கா மூடியைத் திறந்து பார்த்தாள்.

“ஐயோ அப்பா, தயிரோ விட்டனீங்கள்? இறைச்சியோட பால்ச்சாமான் சேரக்கூடாது!”

“கொஞ்சந்தான் பிள்ளை...”

கோழி குப்பைக்குப் போனது. அதோடு சட்டியும் அகப்பையும் போயின. ஜேசுரட்ணம் மறுபடியும் ரயிலேறினார்.

“அண்ணை, நீங்கள் யூதராய் மாறிட்டியளோ?” என்று கேட்டான் கிறிஸ்தோப்பர்.

“பொத்தடா வாயை. கோழியைத் தா.”

புதன் காலை இன்னொரு புதுச் சட்டியில் கறி கொதித்தது. தேங்காய்ப்பால் பேணியை உடைக்குமுன் ஜெசிக்காவிடம் தூக்கிக் காட்டினார்.

“இது?”

“அது தேங்காயப்பா. மாடில்லை.”

லண்டனிலிருந்து தொலைபேசி அடித்தது.

“இஞ்சாருங்கோ, கோயிலுக்குப் போனனீங்களோ?”

“அடுப்பில கறி. பிறகு எடுக்கிறன்!”

உப்புப் பார்க்க ஒரு கால் தின்றார். உறைப்புப் பார்க்க மற்றக் காலையும் தின்றார். இரண்டும் சரி. நெஞ்சு ஒருவழியாக ஆறியது.

வாசல் மணி அடித்தது. றோசன்பெர்க் அம்மையார் இரு கைகளாலும் மூடிய பாத்திரம் ஒன்றை ஏந்தி நின்றார். ஜேசுரட்ணம் மீசையைத் துடைத்துக்கொண்டு வரவேற்றார்.

“என் உதவியாளர் இன்று நெற்றியில் சாம்பலோடு வேலைக்கு வந்தாள்,” என்றார் அம்மையார் ஜெர்மனில். “விபூதிப் புதனாம், கத்தோலிக்கர் இன்று இறைச்சி தொடமாட்டார்களாம். ஜெசிக்கா இனி எங்களிடம் பயிற்சிக்கு வரப்போகிறவள், அவள் வீட்டு முறை எனக்கும் தெரிய வேண்டாமா? அதனால் நானே மீன் சமைத்துக் கொண்டுவந்தேன். பயப்படாதீர்கள், புதுச் சட்டியில்தான் சமைத்தேன்!”